9,000 மைல் மட்டுமே ஓடிய 1976 கேடிலாக் எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை வாங்கலாமா?

வணக்கம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கும் நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் ஒருவர் 1976-ஆம் ஆண்டின் கேடிலாக் எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை விற்கிறார். மொத்தமே 9,000 மைல்தான் ஓடியது, கிடைப்பதற்கு அரிய வண்டி என்கிறார். நம்பி வாங்கலாமா?"

முதலில் அந்த 'அரிய' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். 1976-இல் இந்தக் கார் வெளிவந்தபோது, இனி அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கூரை மடிக்கும் கார்களே தயாராகாது என்ற பேச்சு பலமாக இருந்தது. கேடிலாக் நிறுவனமும் இதைக் கடைசி கன்வெர்ட்டிபிள் என்றே விளம்பரப்படுத்தியது. அதை நம்பிப் பலர், நகை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதைப் போல, இந்தக் காரை வாங்கிக் கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டில் மட்டும் 14,000 கார்கள் தயாரிக்கப்பட்டன. 1984-ஆம் ஆண்டு மாடலாக கேடிலாக் மறுபடியும் கன்வெர்ட்டிபிளைக் கொண்டுவந்தபோது, ஏமாற்றப்பட்டதாகக் கருதிய பழைய உரிமையாளர்கள் சிலர் வழக்கே தொடுத்தார்கள். ஆகவே, குறைவாக ஓடிய 1976 எல்டொராடோ என்பது நீங்கள் நினைக்குமளவு அபூர்வமானதன்று. பொறுமையாகத் தேடினால் இன்னொன்று கிடைக்கும். கடைசியாகத் தயாரான, ஒரே மாதிரி வெள்ளை நிறமுடைய 200 கார்களில் இதுவும் ஒன்று என்று விற்பவர் சொன்னால் மட்டும் கதை வேறு. அப்போதும் வெள்ளைப் பெயின்டையும் சிவப்பு, நீலக் கோடுகளையும் யார் வேண்டுமானாலும் பிறகு போட்டுக்கொள்ள முடியும் என்பதால், எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டின் நிறக் குறியீட்டையும் பழைய ஆவணங்களையும் ஒப்பிடாமல் ஒரு டாலர்கூட அதிகம் தராதீர்கள்.

அடுத்தது அந்த 9,000 மைல். இந்தக் காரின் ஓடோமீட்டரில் மைல்களுக்கு ஐந்து இலக்கங்கள்தான் உண்டு. 99,999-ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனவே 9,000 என்று காட்டுவது உண்மையில் 1,09,000 ஆகவும் இருக்கலாம். டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைச் சான்றிதழில், எழுதியிருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். இவ்வளவு பழைய வண்டிகளுக்கு ஓடோமீட்டர் அளவை உறுதிமொழியாகத் தரும் கடமையிலிருந்து கூட்டரசு விதி விலக்கு அளிக்கிறது. டைட்டில் பேசாதபோது பழைய சர்வீஸ் பில்களும், ஆயில் மாற்றியபோது கதவோரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்களும், காப்பீட்டுத் தாள்களும்தான் சாட்சி. அவற்றில் தேதியும் மைலும் ஆண்டுக்காண்டு ஒழுங்காக ஏறிவர வேண்டும். காரின் 13 எழுத்து அடையாள எண் 6L67 என்று தொடங்குகிறதா, ஆறாவது இடத்தில் 6 இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னது எல்டொராடோ கன்வெர்ட்டிபிளையும், பின்னது 1976-ஐயும் குறிக்கும். காகிதம் முடிந்ததும் வண்டியையே கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தாலோ, ஓட்டுநர் பக்கத்து நீண்ட கதவு திறந்தவுடன் சற்றுத் தொங்கினாலோ, அது 9,000 மைல் வண்டியன்று.

மைல் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உங்கள் கவலை தொடங்க வேண்டும் என்பேன், ஏனென்றால் ஓடாமல் நிற்கும் வண்டிக்கென்று தனி நோய்கள் உண்டு. இதே ஆண்டு எல்டொராடோ ஒன்றைப் பார்க்க நண்பருடன் நானும் போயிருந்தேன். பெயின்ட் கண்ணாடிபோல் மின்னியது. பம்பருக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் இடைத்துண்டைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். அப்பளம்போல் நொறுங்கி என் கையோடு வந்துவிட்டது. விற்பவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாயிருந்தது. இந்தத் துண்டுகள் ஓட்டத்தால் அல்ல, வயதால் கெடுபவை. புதியவை கிடைக்கின்றன என்றாலும், அவற்றைப் பொருத்தி நிறம் சேர்ப்பது சிறிய செலவன்று.

எஞ்சினுக்குள்ளும் இதே கதைதான். 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த வி8 முரட்டு எஞ்சின்தான். ஆனால் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பல்சக்கரத்தின் பற்களுக்கு நைலான் பூச்சு இட்டிருந்தார்கள். நாளடைவில் நைலான் இறுகி, உடைந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழும். அதை முன்பே மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய வார்னிஷ் வாடை அடித்தால் டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனவுடன் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணுவதில் தவறில்லை.

கூரையை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். இதன் சட்டகம் கத்தரிக்கோல்போல் உட்பக்கமாக மடிவது. பின்னிருக்கையின் அகலம் குறையாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இரு பக்கமும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒரு பக்கம் பின்தங்கினால் சட்டகமே முறுக்கிக்கொள்ளும். எனவே விற்பவரையே பொத்தானை அழுத்தச் சொல்லி, நீங்கள் காரின் பின்னால் நின்று, கூரை முழுதாக மடிந்து மறுபடி மூடும்வரை பாருங்கள். "துணி புதியது, இப்போது மடிக்க வேண்டாமே" என்று அவர் தயங்கினால், கூரை வேலை செய்யாது என்றே கணக்கிட்டு விலை பேசுங்கள்.

கடைசியாக டயர். தொழிற்சாலையிலிருந்து வந்த டயர்களே இன்னும் இருப்பதாக அவர் பெருமையாகச் சொல்லக்கூடும். மைல் உண்மை என்பதற்கு அது நல்ல சாட்சிதான்; ஆனால் ஐம்பது ஆண்டு வயதான ரப்பரின் மேல் 5,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள காரை நெடுஞ்சாலையில் ஓட்டிவரக் கூடாது. விலை படிந்தால், பிளாட்பெட் லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.