அலகு மழுங்கிய பறவை

அவையில் கூடியிருக்கும் புத்தகப் பித்தர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் எந்த நூலையும் திறக்கப் போவதில்லை. மூடிய புத்தகத்தின் மேலட்டையைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் பைண்டிங் செய்த நூல் ஒன்று என் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஆட்டுத்தோல் அட்டை. நான்கு ஓரங்களிலும் லேஸ் பின்னியதுபோலப் பொன் வேலை. பின்னலின் இடுக்கில் சிறகு விரித்த குட்டிப் பறவை. இதைக் கண்டதும் பழம்புத்தக வணிகர் ‘தெரோம்’ என்பார். சொல்லி முடிப்பதற்குள் விலை ஏறிவிடும்.

நிக்கோலா-தெனி தெரோம் பாரிஸின் பெரிய பைண்டர்களில் ஒருவர். 1731-இல் பிறந்து 1790-இல் மறைந்தவர். பறவை அவருடைய அடையாளம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சொல்வது பொய்யன்று. ஆனால் பாரிஸில் பறவை அச்சு வைத்திருந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். லேஸ் வேலைக்கு மவுசு இருந்த காலத்தில் பட்டறைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தன. ஆகவே ‘பறவை இருக்கிறதா?’ என்று கேட்டுப் பயனில்லை, ‘எந்தப் பறவை?’ என்று கேட்க வேண்டும்.

இந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால் கேள்வி விளங்கும். தோலின் மேல் முட்டை வெள்ளைக்கருவைப் பூசி உலரவிடுவார்கள். அதன்மேல் தங்க ரேக்கை விரிப்பார்கள். கைப்பிடி போட்ட சிறு உலோக அச்சைச் சூடாக்கி அழுத்துவார்கள். சூடு பட்ட இடத்தில் மட்டும் வெள்ளைக்கரு இறுகிப் பொன்னைப் பிடித்துக்கொள்ளும், மீதியைத் துடைத்துவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் இந்த அச்சுகளை ‘சின்ன இரும்புகள்’ என்கிறார்கள். பெயர்தான் இரும்பு, செய்வதென்னவோ பித்தளையில் அல்லது வெண்கலத்தில்! ஓர் அட்டையின் லேஸ் ஓரம் என்பது இப்படிப்பட்ட பூ, சுருள், இலை, புள்ளி அச்சுகளைப் பல முறை பதித்துச் சேர்த்த கோலம். ஓர் அச்சைத் திருப்பி வைக்கலாமே தவிரக் கண்ணாடி பிம்பமாக மாற்ற முடியாது. அதனால் வளைந்த சுருள்களை இடம், வலம் என்று இணையாக வெட்டி வைத்திருந்தார்கள்.

ஒவ்வோர் அச்சும் கையால் வெட்டியது. ஒரே கைவினைஞர் ஒரே பறவையை இரண்டு முறை வெட்டினாலும் ஓர் இறகு கூடும், ஒரு கால் சாயும். பிறகு ஆண்டுக்கணக்கில் சூடும் அழுத்தமும். அலகு மழுங்கும், வாலில் ஒரு வெட்டு விழும். அந்தப் பழுதுதான் நமக்குச் சாட்சி. இரண்டு நூல்களில் அதே இடத்தில் அதே பழுது இருந்தால் இரண்டிலும் பதிந்தது ஒரே அச்சு.

ஒரு பதிவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே ஒரு பக்கம் தடிக்கும், சூடு கூடினால் கோடு அகலும். அதே அட்டையில் நான்கைந்து இடங்களில் அந்தப் பறவையைப் பாருங்கள். எல்லாவற்றிலும் திரும்பி வருவது அச்சின் குறை. ஓரிடத்தில் மட்டும் தெரிவது கையின் குறை. அளவும் முக்கியம். சிறுவயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடியிருப்போம் அல்லவா? ஆராய்ச்சியாளர்களும் அதையேதான் செய்தார்கள். மெல்லிய தாளில் அட்டையின் பொறிப்பை அசல் அளவிலேயே தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். அளவுகோல் இல்லாத புகைப்படத்தை நம்பி நானே ஒருமுறை இரண்டு வெவ்வேறு பறவைகளை ஒன்றென்று சாதித்து, பிறகு அசடு வழிந்திருக்கிறேன்.

உருளை அச்சு இன்னும் வசதியானது. சிறு சக்கரத்தின் விளிம்பில் வெட்டிய பூக்கொடியை அட்டையின் ஓரமாக உருட்டிக்கொண்டே போவார்கள். சக்கரத்தில் ஒரு பழுது இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது பதியும். ஒரு பழுதிலிருந்து அடுத்த பழுது வரை அளந்தால் சக்கரத்தின் சுற்றளவு கிடைக்கும். 22 சென்டிமீட்டர் என்றால் விட்டம் ஏறக்குறைய 7. அந்தச் சக்கரம் எப்போதோ தொலைந்திருக்கும், ஆனாலும் அதன் அளவு நம் கையில்!

சரி, ஒரே அச்சு என்று தெரிந்துவிட்டது, யாருடைய அச்சு? சிலர் தங்கள் பெயர்ச்சீட்டை நூலுக்குள் ஒட்டி வைத்தார்கள். 1733-இல் அரசரின் பைண்டர் ஆன அந்துவான்-மிஷேல் பாதெலூவின் சீட்டு சொர்போன் சதுக்க முகவரியோடு இருக்கும். அத்தகைய நூலில் உள்ள அச்சுகளைப் பட்டியலிட்டுக்கொண்டு, சீட்டில்லாத நூல்களை ஒப்பிட வேண்டும். அப்போதும் எச்சரிக்கை வேண்டும். தைத்துத் தோல் போர்த்தியவர் ஒருவர், பொன் வேலை செய்தவர் வேறொருவர் என்றும் இருக்கும். உரிமையாளர் இறந்தால் அச்சுகள் மகனுக்கோ மருமகனுக்கோ போகும், இல்லையென்றால் விலைக்குப் போகும்.

நடுவில் பொறித்த குலச்சின்னத்தைக் கண்டு பைண்டரைத் தேடுபவர்களும் உண்டு. மூன்று கோபுரங்கள் இருந்தால் நூல் பதினைந்தாம் லூயி அரசரின் காதலி மதாம் த பொம்பதூருடையது என்று சொல்லலாம். அது உடைமையாளரின் முத்திரை, வேலை செய்தவரைப் பற்றி அது வாய் திறக்காது.

காலத்தை அறிய எனக்கு மிகப் பிடித்த சாட்சி ‘அல்மனாக் ருவயால்’ என்ற அரச ஆண்டேடு. வேறு நூலை அச்சிட்டு ஐம்பது ஆண்டு கழித்துக்கூட பைண்டிங் செய்யலாம். கடந்த ஆண்டின் ஆண்டேட்டுக்கு யார் பொன் அட்டை போடுவார்கள்? அதனால் அதில் காணும் அச்சு பெரும்பாலும் அந்த ஆண்டிலேயே புழக்கத்தில் இருந்தது என்று கொள்ளலாம். 1758-இல் பாதெலூவுக்குப் பின் அரசரின் பைண்டரான துப்வீசோனின் பெயர் இந்த ஆண்டேடுகளோடு சேர்ந்தே வரும். ஒரே பெரிய தகட்டை வைத்து முழு ஓரத்தையும் ஓர் அழுத்தில் பதிப்பது அவர் வழக்கம்.

பாணிப் பெயர்களை நம்பி மோசம் போகாதீர்கள். ‘துசேய்’ பாணி என்று கோடுகளால் ஆன இரட்டைச் சட்டத்தைச் சொல்கிறார்கள். துசேய் என்ற பைண்டர் பிறந்தது 1673-இல், அந்தச் சட்டமோ அதற்கு முன்பே இருந்தது. ‘ஃபான்ஃபார்’ என்று பதினாறாம் நூற்றாண்டு வேலைக்கு வழங்கும் பெயர், 1829-இல் எழுத்தாளர் ஷார்ல் நோதியேக்காகத் துவனேன் என்ற பைண்டர் பைண்டிங் செய்த ஒரு பழைய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. புள்ளிகளால் ஆன பதினேழாம் நூற்றாண்டு வேலையை எல்லாம் ‘ல காஸ்கோன்’ என்ற பைண்டரின் புகழ்பெற்ற பெயரில் சேர்த்தார்கள். பக்கவாட்டில் பார்க்கும் சிறு மனிதத் தலையைப் புள்ளிகளாலேயே வரைந்த அச்சு ஒன்று, ஃப்ளோரிமோன் பாதியே என்ற வேறொரு பைண்டர் கையொப்பமிட்ட நூலில் காணப்பட்டது. அந்தத் தலை அச்சிலும் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு என்று பிறகு தெரிந்தது. பறவைக் கதைதான் மறுபடியும்.

கடைசியாக ஒரு கள்ளனைச் சொல்லி அமர்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தியோதோர் ஹகே என்ற கைதேர்ந்த பைண்டர், பழைய நூல்களில் மறுமலர்ச்சிக் கால அரசர்களுக்குரிய அலங்காரங்களைப் பொறித்து ஏமாற்றினார். லண்டனில் ஜான் பிளாக்கர் என்ற செல்வர் அவற்றை அசல் என்றே நம்பி வாங்கிக் குவித்தார். அவர் இறந்தபின் 1897-இல் ஏலம் நடந்தது. அந்த அரசர்களின் பைண்டிங்குகள் எல்லாம் விற்பனைப் பட்டியலில் ‘நவீன பைண்டிங்’ என்றே குறிக்கப்பட்டிருந்தன.