ஜெட் நின்றுகிடந்த மாதங்கள்

வணக்கம். இன்றைக்கு ஒரு போல்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதோ, கையில் வைத்திருக்கிறேன், சாதாரண போல்ட்தான். இதை நட்டில் வைத்துத் திருகும்போது முதல் சுற்றிலேயே விரலுக்குத் தெரிந்துவிடும், மரை பிடித்ததா, கோணலாக ஏறுகிறதா என்று. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில், கல்ஹாமில் ஜெட் (JET) என்று ஒரு இயந்திரம் இருந்தது. விமான ஜெட் இல்லை; சூரியனில் நடப்பதுபோல அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுத்துப் பார்த்த சோதனை இயந்திரம். உளுந்து வடை வடிவத்தில் ஒரு வெற்றிடக் கலம், அதற்குள் 10 கோடி டிகிரிக்கும் மேலே கொதிக்கும் பிளாஸ்மா (மின்னேற்றம் கொண்ட வாயு), அதைச் சுவரில் படாமல் பிடித்து நிறுத்தும் காந்தப் புலம். 1983-இல் முதல் பிளாஸ்மா. சரி, இதெல்லாம் அது ஓடும்போது நடந்த கதை. எனக்கு அது நின்றுகிடந்த மாதங்கள் மேல்தான் பிரியம். நான் அனல்மின் நிலையத்தில் ஷட்டவுன் வேலை பார்த்தவன். பாய்லருக்குள் இறங்கி, கையால் தடவிப் பார்த்து வேலை செய்து பழகியவன்.

ஜெட்டுக்குள் அப்படி இறங்க முடியாது. 1997-இல் ஹைட்ரஜனின் இரண்டு கனமான வகைகளான டியூட்டீரியத்தையும் ட்ரிட்டியத்தையும் எரிபொருளாகக் கலந்து எரித்தார்கள். அதில் கிளம்பிய நியூட்ரான்கள் பட்டு உள்பாகங்களே கதிர்வீச ஆரம்பித்துவிட்டன. போதாததற்கு பெரிலியம் என்ற உலோகத்தின் தூசு வேறு. அது நுரையீரலுக்கு விஷம். அதனால் 1998-இல் கலத்தின் அடிப்பாகத்தில், பிளாஸ்மாவின் கழிவும் வெப்பமும் வந்து சேரும் டைவர்ட்டர் என்ற பாகத்தை, ஆள் உள்ளே இறங்காமலேயே மாற்றினார்கள்.

எப்படி? பக்கவாட்டுத் துவாரம் வழியாகப் பூம் என்ற நீளமான ஒரு தாங்கு கை உள்ளே நுழையும். அதன் நுனியில் மாஸ்காட் என்ற இரண்டு கை எந்திரம். இத்தாலியில் உருவானது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் அதே மாதிரி இரண்டு கைகளைப் பிடித்து அசைப்பார். இவர் அசைக்க, உள்ளே அதுவும் அசையும். இதுமட்டும் என்றால் எனக்கு இவ்வளவு ஆச்சரியம் இருந்திருக்காது. உள்ளே ஸ்பேனர் எதிலாவது இடித்தால், இவர் கையில் அந்த இடி தெரியும். போல்ட் இறுகினால் அந்த இறுக்கமும் தெரியும். மரை பிடிப்பது விரலுக்குத் தெரியும் என்றேனே, அந்த உணர்வைச் சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள்! பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதைவிடப் பெரிய வேலை 2009-இல் ஆரம்பித்தது. அதுவரை உள்சுவரில் இருந்தவை கரி ஓடுகள். கரி வெப்பம் தாங்கும். ஆனால் ட்ரிட்டியத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 12 வருடத்தில் பாதியாகிவிடும், இயற்கையில் அநேகமாகக் கிடைக்காத எரிபொருள் அது; சுவருக்குள் போய் முடங்கினால் எப்படி? பிரான்சில் கட்டிவரும் ஈட்டர் (ITER) என்ற பெரிய இணைவு இயந்திரத்துக்கு அப்போது திட்டமிட்டிருந்த அதே ஜோடியை இங்கே சோதிக்க முடிவெடுத்தார்கள்: மேலே பெரிலியம், கீழே டைவர்ட்டரில் டங்ஸ்டன். ஆயிரக்கணக்கான ஓடுகளைக் கழற்றி மாட்ட வேண்டும். பெரும்பாலும் மாஸ்காட்டின் கைகளால்தான். அசல் கலத்தைப் போலவே ஒரு மாதிரி கட்டிவைத்து, அதில் பழகிப் பார்த்த பிறகே உள்ளே தொட்டார்கள்.

2011-இல் மறுபடி ஓட்டியபோது சுவரில் சிக்கும் எரிபொருள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஆனால் டங்ஸ்டன் அணுக்கள் பிளாஸ்மாவுக்குள் புகுந்து அதைக் குளிரவைத்தன. பழைய சுவரில் வந்த திறன் புதுச் சுவரில் வரவில்லை. மனம் விட்டுப்போகிற நேரம் அது. விளிம்பில் வாயுவைச் செலுத்தி, சூடாக்கும் முறையை மாற்றி, வருடக்கணக்கில் போராடினார்கள். 1997-இல் கிடைத்த ஆற்றல் 22 மெகாஜூல். அதே புதுச் சுவரோடு 2021-இல் 59, 2023-இல் 69.

2023 டிசம்பரில் ஜெட்டை நிறுத்திவிட்டார்கள். இனி ஓடாது. ஆனாலும் தொலைக் கைகள் திரும்ப உள்ளே போய், சுவரிலிருந்து சில ஓடுகளைக் கழற்றி வெளியே எடுத்துவந்தன. எவ்வளவு ட்ரிட்டியம் உள்ளே இறங்கியிருக்கிறது, எங்கே உருகியிருக்கிறது என்று அந்த ஓடுகளை வைத்து இப்போது பார்க்கிறார்கள்.