தென்னந்தோப்பும் காடுதான் என்றால்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரவேண்டிய தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘இந்தியாவின் காடுகள் வளர்கின்றனவா, தேய்கின்றனவா?’ இதுதான் தலைப்பு. தேய்கின்றன என்று சொல்லும் அணியில் நான் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி ஓர் எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். 2024 டிசம்பரில் வெளியான இந்திய வனநிலை அறிக்கைப்படி, நாட்டின் நிலப்பரப்பில் 25.17 சதவீதம் காடும் மரங்களுமாக இருக்கிறது. 2021 அறிக்கையைவிட 1,445 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்றார். எண் சரிதான். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடை சொல்லிவிட்டார். நான் கொஞ்சம் பிரிக்கிறேன்.

‘காடும் மரங்களும்’ என்கிறார்கள், கவனியுங்கள். முல்லை நிலம் என்றால் ‘காடும் காடு சார்ந்த இடமும்’ என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று. இந்த 1,445-ல் காடு என்று அறிக்கையே சொல்வது 156 சதுர கிலோமீட்டர்தான். மீதி 1,289 காட்டுக்கு வெளியே நிற்கும் மரங்கள். வரப்போரம், ரோட்டோரம், வீட்டுக் கொல்லை. அந்த மரங்கள் வேண்டாம் என்று நான் சொல்வேனா? வெயிலில் வண்டி நிறுத்த இடம் தேடுகிறவன்தான் நானும். ஆனால் வெளியூரில் வேலை பார்க்கும் பையன் ‘இந்த மாசம் 1,445 ரூபாய் மிச்சம் பிடித்தேன்’ என்கிறான். விசாரித்தால் அதில் 1,289 அம்மா அனுப்பிய பணம். அவனை ஊதாரி என்று திட்ட மாட்டோம், சரி. சிக்கனக்காரன் என்று மாலை போடுவோமா?

அந்த 156-க்கு வருவோம். சென்னை மாநகராட்சியின் பரப்பே 426 சதுர கிலோமீட்டர். அதில் பாதிகூட இல்லாத இந்த வளர்ச்சி இத்தனை பெரிய நாட்டுக்கு, இரண்டு வருஷத்துக்கு. சரி, அதுவாவது காடா?

இந்த அறிக்கையைத் தயாரிப்பது டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம். அது காடு என்று எதை எண்ணுகிறது தெரியுமா? குறைந்தது ஒரு ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் இரண்டரை ஏக்கர் இருக்க வேண்டும். அதில் மரக்கிளைகளின் விரிப்பு 10 சதவீதம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். என்ன மரம், யார் நிலம், யார் நட்டது, எதுவும் கேள்வி இல்லை. 10 சதவீதம் என்றால், நீங்கள் அண்ணாந்து பார்த்தால் ஒரு பங்கு இலை, ஒன்பது பங்கு வானம். அந்த ஒன்பது பங்கு வெயிலில் வேட்டி காயப்போடலாம். அதற்குப் பெயர் ‘திறந்த காடு’.

இந்தியாவில் நிலப்பரப்பில் அதிக சதவீதம் காடுள்ள இடம் எது என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். மிசோரமா? அந்தமானா? இல்லை. லட்சத்தீவு! 91.33 சதவீதம். அங்கே புலி இருக்கிறதா, யானை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். தேங்காய் இருக்கிறது. சட்டப்படி அறிவிக்கப்பட்ட காடு என்று அங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் வானத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குத் தென்னை ஓலையும் பச்சை, சந்தன இலையும் பச்சை.

தம்பி கோயம்புத்தூர்க்காரர், இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் கொங்குக்காரன்தான். எங்கள் ஊரில் ‘அப்பா காட்டுக்குப் போயிருக்கார்’ என்றால் வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு போகவில்லை, சோளக்காட்டுக்குப் போயிருக்கிறார். பருத்தி போட்டால் பருத்திக்காடு, கடலை போட்டால் கடலைக்காடு. எங்கள் ஊர்ப் பெரியவர் யாரோ டேராடூனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது! ஆனால் எங்கள் பெரியவர் சோளக்காட்டைக் காட்டி, ‘இங்கே சிறுத்தை குடியிருக்கும்’ என்று யாரிடமும் சொன்னதில்லை. தோப்பு, சோலை, காடு மூன்றையும் அவர் ஒருநாளும் குழப்பிக்கொண்டதும் இல்லை.

அடுத்து, 1987-ல் வந்த முதல் அறிக்கையில் 6.40 லட்சம் சதுர கிலோமீட்டர், இப்போது 7.15 லட்சம், ஆகவே முப்பத்தைந்து வருஷமாக வளர்ந்துகொண்டேதான் வருகிறது என்றார் தம்பி. எங்கள் அம்மாவைப் பெற்ற அமுச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தோம். கட்டு அவிழ்த்த மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘ஏண்டா, நம்ம வீதியில இத்தன பேரா குடியிருக்காங்க?’ என்று கேட்டது. வீதியில் ஒரு ஆள்கூடப் புதிதாக வரவில்லை. கண்தான் மாறியது. 1987-ல் டேராடூன்காரர்கள் பார்த்த செயற்கைக்கோள் படத்தில் 400 ஹெக்டேருக்குக் குறைவான காடு கணக்கிலேயே வராது. இன்றைக்கு ஒரு ஹெக்டேர் தோப்பும் வந்துவிடுகிறது.

ஒரே ஓர் இடத்தைப் பாருங்கள். 1999 அறிக்கையில் 6,37,293. அடுத்து 2001-ல் 6,75,538. இரண்டே வருஷத்தில் முப்பத்தெட்டாயிரம் சதுர கிலோமீட்டர் கூடியது. கேரள மாநிலத்தின் மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான்! இரண்டு மழைக்காலத்தில் ஒரு கேரளம் அளவுக்குக் காடு முளைத்ததா? 2001-ல் நாடு முழுவதையும் கம்ப்யூட்டரில் கணக்கிட ஆரம்பித்தார்கள், துண்டு துணுக்கு எல்லாம் தெரிந்தது. இதை அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். தம்பிதான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நடுவர் அவர்களே, இதுவரை கணக்கு. இனி நீலகிரிக்கு ஒரு நடை போய்வருவோம்.

மலை உச்சிகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. ஆயிரக்கணக்கான வருஷமாக அந்த மலை இப்படித்தான் இருந்தது. பெய்கிற மழையைப் புல்லும் சோலையும் வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும். நம் பவானியில் ஓடுகிற தண்ணீர் அப்படி வருவது. தோடர்களின் எருமை மேய்ந்தது அந்தப் புல்லில். நம் மாநில விலங்கான வரையாட்டுக்கும் அதுதான் சோறு. வெள்ளைக்காரன் வந்தான், மரம் இல்லாத புல்வெளியைப் பார்த்ததும் ‘தரிசு’ என்று எழுதினான். ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் என்கிற சீகை மரத்தையும், யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்தையும் கொண்டுவந்து நட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு நாமாவது விட்டோமா? தோல் பதனிட உதவும் பட்டைச் சாற்றுக்கும் மரக்கூழுக்கும் இன்னும் அதிகமாக நட்டோம். நட்டது போதாதென்று சீகை தானாகவே விதை போட்டு மிச்சமிருந்த புல்வெளிக்குள்ளும் நடந்துபோனது.

சோலைக்குள் போனால் கால் வைக்கிற இடமெல்லாம் மெத்தென்று இருக்கும். மக்கிய இலையைக் கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் விரலில் ஒட்டும். கிளையெல்லாம் பாசி, பாசிமேல் சின்ன ஆர்க்கிட். அங்கிருந்து நூறு அடி தள்ளிச் சீகைத் தோட்டத்துக்குள் நுழையுங்கள். காய்ந்த பட்டையும் சருகும் காலடியில் நொறுங்கும். புல் இல்லை, புல் இல்லாத இடத்தில் வரையாட்டுக்கு என்ன வேலை? ஆனால் அறிக்கைக்கு எது காடு? புல்வெளியில் 10 சதவீத மரவிரிப்பு இல்லை, அதனால் அது காடு இல்லை. சீகைக்கு இருக்கிறது, அதனால் காடு. ஒரு புல்வெளியைச் சீகை விழுங்கும்போது நீலகிரி ஒன்றை இழக்கிறது, அறிக்கை ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. எதிரணி கொண்டாடும் வளர்ச்சியில் இதுவும் சேர்த்தி.

மலையிறங்கி மசினகுடிப் பக்கம் வாருங்கள். நாலைந்து வருஷத்துக்கு முன் வனத்துறைக் காவலர் ஒருவரோடு, இருளர் சமூகத்துக்காரர், கொஞ்ச தூரம் நடந்தேன். ரோட்டிலிருந்து பார்க்க இரண்டு பக்கமும் பச்சைப் பசேல் என்றிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் ஒரு புதரைக் கம்பால் விலக்கிக் காட்டினார். உண்ணிச்செடி, லண்டானா என்பார்களே அதுதான். முள்ளும் சொரசொர இலையுமாகத் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அடியில் வெறும் மண், ஒரு புல் இல்லை. ‘மேல இருந்து பாத்தா காடு சார், மானுக்குத் தின்ன ஒரு வாய் இல்ல’ என்றார். அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் நடந்துகொண்டே இருந்தார். பூச்செடி என்று அழகுக்காகக் கொண்டுவந்து வளர்த்த செடி அது! உள்ளே தீனி இல்லாத யானை வாழைத்தோட்டத்துக்கு வந்தால், ‘யானை அட்டகாசம்’ என்று மறுநாள் பேப்பரில் போடுகிறோம். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அதே உண்ணிக் குச்சியை வளைத்து ஆளுயரத்துக்கு மேல் யானை உருவங்கள் செய்கிறார்கள், தெரியுமா? 2021-ல் லண்டன் பூங்காக்களில் வரிசையாக நிறுத்தினார்கள். யானையின் சோற்றைப் பறித்த செடியில் யானை! நான் சிரிக்கச் சொல்லவில்லை, நீங்களாகத்தான் சிரிக்கிறீர்கள்.

சட்டத்துக்கும் வந்தாக வேண்டும். அதுவும் கூடலூரில் ஆரம்பித்த கதைதான். அங்கே காடு வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் நிலம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் நீதிமன்றம் சொன்னது: காடு என்றால் அகராதியில் உள்ள பொருள்தான், பட்டா யார் பெயரில் இருந்தாலும் 1980-ம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். அந்தத் தீர்ப்பால் பிழைத்த காடுகள் நிறைய. 2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசாங்கம் காடு என்று அறிவித்ததும், பதிவேட்டில் காடு என்று இருப்பதும் மட்டும் போதும் என்று சுருக்கினார்கள். வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போய், 2024 பிப்ரவரியில், இப்போதைக்குப் பழைய பொருளே தொடரட்டும் என்று இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது.

எனக்கு இங்கேதான் ஆச்சரியம். ஊருக்குக் கணக்குச் சொல்லும்போது லட்சத்தீவுத் தென்னந்தோப்பும் காடு. அப்போது யாரும் பதிவேட்டைக் கேட்பதில்லை. வெட்டுவதற்குத் தடை என்று வரும்போது, எதிரில் மரமாக நிற்கும் காட்டைப் பார்த்து, ‘உனக்குப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?’ என்று கேட்கிறோம். கல்யாணத்துக்குக் கூட்டம் காட்ட வேண்டும் என்றால் பக்கத்து மண்டபத்தில் இருப்பவனும் சொந்தக்காரன். பந்தியில் உட்காரும்போது சித்தப்பாவிடமே பத்திரிகை கேட்பது!

வெட்டினால் என்ன, வேறு இடத்தில் நட்டுவிடுகிறோமே என்றார் தம்பி. கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று ஒரு பெரிய திட்டம். அதற்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்க 2022-ல் கொள்கையளவில் அனுமதி கொடுத்தார்கள். உலகின் மிகப் பெரிய கடலாமை முட்டையிட வரும் கரை அந்தத் தீவில் இருக்கிறது. ஷோம்பென் என்ற பழங்குடி மக்கள் அந்தக் காட்டுக்குள் வாழ்கிறார்கள். அந்த மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நடும் இடம் எங்கே என்று சொன்னார்கள் தெரியுமா? ஹரியானாவில். எதிரணி பெருமையாகச் சொன்ன இரண்டு வருஷக் காட்டு வளர்ச்சி, நாடு முழுவதற்கும் 156. ஒரே தீவில் ஒரே திட்டத்துக்கு 130.75. வடகிழக்கு மாநிலங்களில் அதே அறிக்கை சொல்லும் குறைவு 327. கூட்டலும் கழித்தலும் உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, இதோ முடித்துவிடுகிறேன். புலி பெருகியிருக்கிறது என்றார் தம்பி. உண்மை. 2006-ல் 1,411 ஆக இருந்தது 2022 கணக்கில் 3,682 ஆகியிருக்கிறது. அதற்காக வேலை பார்த்த காவலர்களுக்கு நானும் எழுந்து நின்று கும்பிடு போடுகிறேன். ஆனால் புலிகள் காப்பகங்கள் எல்லாம் சேர்ந்து நாட்டின் பரப்பில் மூன்று சதவீதத்தைத் தொடாது. அந்த மூன்றுக்கு ஆள் போட்டுக் காத்தோம், பலித்தது. மீதியை 25.17 என்று எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

எனக்குப் பிறகு எதிரணியிலிருந்து அக்கா பேச வருகிறார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி. நீலகிரியில் சீகையை அப்புறப்படுத்திப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. நல்ல வேலை என்று அவரும் ஒப்புக்கொள்வார். சீகை போய், புல் முளைத்து, வரையாடு திரும்பி வந்து நிற்கும் அந்த நாளில், அடுத்த வனநிலை அறிக்கை அந்த மலையை வளர்ந்த பக்கத்தில் எழுதுமா, தேய்ந்த பக்கத்தில் எழுதுமா? அக்கா மைக்கைப் பிடித்ததும் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.