வில்லு வைக்காத கொடை உண்டா?

(பாளையங்கோட்டையில் மருத்துவமனை ஊழியர்கள் நடத்திய பட்டிமன்றம். தலைப்பு: ஏழை நோயாளிகளுக்கு நிதி திரட்டப் பெரிதும் கைகொடுப்பது சம்பளப் பிடித்தமா, கலைவிழாவா? கலைவிழா அணியில் இரண்டாவதாகப் பேசிய செவிலியரின் உரை.)

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணியில உக்காந்து என்னையவே முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கிற தோழர்களே, நைட் டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போகாம யூனிபார்மோட அப்படியே வந்து உக்காந்திருக்கிற அக்கா தங்கச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால பேசுன கணக்குப் பிரிவு அண்ணாச்சி கால்குலேட்டரோடயே மேடை ஏறுனாவ. "முந்நூறு பேரு. ஆளுக்கு மாசம் நூறு ரூபா பிடிச்சா முப்பதாயிரம். வருஷத்துக்கு மூணு லட்சத்து அறுபதாயிரம். பந்தல் செலவு கிடையாது, மைக் செட் கிடையாது. இதை விட்டுட்டு எதுக்குவே வில்லுப்பாட்டு, கணியான் கூத்துன்னு ஊரைக் கூட்டுதிய?"ன்னு கேட்டாவ. நீங்களும் கை தட்டுனிய. நானும் தட்டுனேன். பெருக்கல் சரியாத்தானே இருக்கு!

ஆனா அந்த முந்நூறு பேரு யாரு? சம்பளப் பட்டியல்ல பேரு இருக்கவுக. வார்டைக் கூட்டிப் பெருக்குத தூய்மைப் பணியாளரு, கேட்ல நிக்க செக்யூரிட்டி, கேன்டீன்ல டீ ஆத்துத தம்பி, இவுகளுக்கெல்லாம் சம்பளம் ஒப்பந்தக்காரர் குடுக்காரு. நம்ம பட்டியல்ல இவுக பேரே கிடையாது. பிடித்தம்னு வந்துட்டா இவுக நம்ம நிதிக்கு வெளியாட்கள். அப்படி இல்ல, இவுககிட்டயும் நூறு ரூபா வாங்கலாம்னு சொன்னா, சர்ஜனுக்கும் நூறு, கூட்டிப் பெருக்குத அக்காவுக்கும் நூறா? அது எந்த ஊரு நியாயம்?

நம்ம திருநெல்வேலிச் சீமையில கொடை, அதான் சாமிக்கு ஊர் கூடி எடுக்கிற கோயில் விழா, எப்படி நடக்கு? குடும்பத்துக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி பிரிப்பாவ. குடுக்காதவன் வீட்டு வாசல்ல நின்னு கேட்டு வாங்குவாவ. எதிரணி சொல்லுத பிடித்தம் அந்த வரிதான். வரி வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா ஒரு ஊர்ல வரியைப் பிரிச்சுட்டு, "வில்லும் வேண்டாம், மேளமும் வேண்டாம், பணத்தை பேங்குல போட்டாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லிப் பாருங்க. மறுவருஷம் வரி பிரிக்க வாரவருக்கு ஒரு செம்பு தண்ணி கிடைக்காது! சென்னையில இருக்கவன், துபாய்ல இருக்கவன் கொடைக்கு லீவு போட்டு வாரானே, எதுக்கு? வரியை மட்டும் ஜீபேயில தட்டிவிட்டுட்டு அங்கயே இருக்கலாம்லா?

சரி, இந்த நிதி எதுக்கு? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை உண்டு. ஆபரேஷனுக்கு ஆச்சு, டயாலிசிஸுக்கு ஆச்சு. ஆனா களக்காட்டுல இருந்தும் பாபநாசத்துல இருந்தும் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை டயாலிசிஸுக்கு வாரவருக்கு பஸ் காசு எந்தத் திட்டத்துல இருக்கு? கவர்மெண்ட் சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு 2021ல இருந்து டிக்கெட் கிடையாது, வாஸ்தவம். கூட வார ஆம்பளைக்கு உண்டே! புறநகர் பஸ்னா ரெண்டு பேருக்கும் உண்டு. துணைக்கு வந்தவரோட அன்னைக்குக் கூலியும் போச்சு. நம்ம நிதி போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்.

இது எனக்கு எப்படித் தெரிஞ்சுது? கேஸ் ஷீட்ல பாத்தா தெரிஞ்சுது? அதுல பிரஷர் இருக்கும், சுகர் இருக்கும், யூரின் அளவு இருக்கும். "துணைக்கு இருக்கிற அம்மா ரெண்டு நாளா டீயும் பன்னுமா ஓட்டுது"ன்னு அதுல எழுதியிருக்காது. நாம நடத்துன கலைவிழாவுக்காக எங்ககூட வில்லுப்பாட்டு ஒத்திகைக்கு வந்த தூய்மைப் பணியாளர் தம்பிதான் சொன்னான். காலையில கட்டிலுக்கு அடியில கூட்டும்போது எந்தப் பையில சோத்துப் பாத்திரம் இருக்கு, எதுல இல்லைன்னு அவனுக்குத்தான் தெரியும். அதே வார்டுலதான் நானும் அவனும் வேலை பாக்கோம். ஒத்திகை வைக்கிற வரைக்கும் "அந்தப் பக்கம் கொஞ்சம் துடைப்பா"ங்கிறதைத் தாண்டி நாங்க பேசுனதில்ல.

அந்த வில்லுப்பாட்டைப் பத்திச் சொல்லியே ஆகணும் அண்ணாச்சி, மணியை இப்பவே தூக்காதிய. அந்தத் தம்பி வீட்டுல பரம்பரையா வில்லு கட்டுதவுக. அதனால குடம் அவன் கையில. வில்லோட நாணுல வீசுகோலை வச்சு அடிக்கிறது ஹவுஸ் சர்ஜனா, அதான் பயிற்சி டாக்டரா இருக்கிற ஒரு பொண்ணு. உடுக்கை லேப் டெக்னீஷியன். ஜால்ரா நான். (எதிரணி சிரிக்கட்டும், பரவாயில்ல.) எங்க பெரிய சர்ஜன் நானும் வாரேன்னாரு. குடத்தைக் குடுத்துப் பாத்தோம், தாளம் நிக்கல. கடைசியில பின்பாட்டுல உக்கார வச்சோம். அவருக்கு ஒரே வேலை, "ஆமா!" போடுறது. ஆபரேஷன் தியேட்டர்ல அவர் சொன்னா நாங்க ஆமா போடுவோம். அன்னைக்கு அந்தத் தம்பி சொல்ல அவர் ஆமா போட்டாரு.

பாட்டு இரத்ததானத்தைப் பத்தி. "பதினெட்டு வயசானா பயமில்லாமக் குடுக்கலாம்." ஆமா! "நாப்பத்தஞ்சு கிலோ இருந்தா நல்லாவே குடுக்கலாம்." ஆமா! "ஆம்பளைக்கு மூணு மாசம், பொம்பளைக்கு நாலு மாசம், அப்புறம் மறுபடியும் குடுக்கலாம்." ஆமா! "மாமியாருக்கு ரத்தம் கேட்டா மருமகன் ஓடலாமா?" அதுக்கும் மனுஷன் சத்தமா "ஆமா!"ன்னுட்டாரு. கூட்டம் சிரிச்சு அடங்கவே நேரமாச்சு. ஆனா சிரிச்ச கூட்டம் விஷயத்தையும் பிடிச்சுக்கிட்டு. ரத்த வங்கி வாசல்ல எத்தனை போஸ்டர் ஒட்டியிருப்போம்! அதைப் படிச்சுட்டு எவன் உள்ள வந்தான்? அன்னைக்கு மண்டபத்துல பேரு குடுக்க வரிசையில நின்னாவ.

எதிரணி முதல் பேச்சாளர் சட்டம் பேசுனாரு. ஆஸ்பத்திரியைச் சுத்தி நூறு மீட்டர் அமைதி மண்டலம், 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி, பகல்ல 50 டெசிபல், ராத்திரி 40ன்னு அடுக்குனாரு. எல்லாம் சரி. அதனாலதான் விழாவை ஆஸ்பத்திரிக்குள்ள வைக்காம, நூறு மீட்டருக்கும் நல்லாத் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்துல வச்சோம். ராத்திரி பத்து மணிக்கு முந்தியே மைக்கை அணைச்சோம். இன்னொண்ணும் சொல்லுதேன். கணியான் கூத்துக்கு மகுடம்ங்கிற தோல்வாத்தியம் ரெண்டு வேணும். ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். தோலைத் தீயில காட்டிச் சூடேத்துனாத்தான் நாதம் எழும்பும். தீன்னு சொன்னதும் எங்களுக்கெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டர் ஞாபகம்தான் வருது! மண்டபத்துக்குப் பின்னால வெட்டவெளியில ஓலையைக் கொளுத்தி, வாளியில மணலும் தண்ணியும் வச்சுக்கிட்டு, எங்க செக்யூரிட்டி அண்ணன் காவல் நின்னாரு. மகுடம் அடிக்கிறவரு அதைத் தீயில காட்டிக் காட்டித் தட்டிப் பாக்காரு, நர்சிங் பிள்ளைக சுத்தி நின்னு வீடியோ எடுக்கு. ஒரு பிள்ளை, இதே பாளையங்கோட்டையில பிறந்து வளந்த பிள்ளை, "அக்கா, இது பறையா?"ன்னு கேட்டுது. நம்ம தெக்கத்திச் சீமையில கோயில் கொடைகள்ல ஆடுத கூத்து நம்ம பிள்ளைக்கே தெரியல. பிடித்தம் போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா?

"கலைஞருக்குக் குடுத்த பணத்தை நோயாளிக்குக் குடுத்திருக்கலாமே"ன்னு ஒரு கேள்வி வந்துது. குடுத்திருக்கலாம். ஆனா கொடை இல்லாத மாசத்துல அந்தக் கூத்துக் கலைஞர் எதை வச்சுச் சாப்பிடுவாரு? ஓசியில ஆடச் சொன்னா அவரு ஆடுவாரு, நமக்குத்தான் கேவலம். அதுவும் போக, பிடித்தம்னா நம்ம சட்டைப்பையில இருந்து எடுத்து நம்ம டப்பாவுல போடுறதுதான். விழான்னா ஊர்ப்பணம் உள்ள வரும். அல்வாக் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் நம்ம சம்பளப் பட்டியல்ல இருக்காவளா?

பத்தமடைப் பாயை ஏலம் விட்டதைப் பாத்தியளா? தாமிரபரணிக் கரை கோரையைக் கிழிச்சு, ஊற வச்சு, காய வச்சு, சாயம் ஏத்தி, கையால நெய்தது. விரிச்சா துணி மாதிரி வழியும். கல்யாணத்துக்குன்னா பொண்ணு மாப்பிள்ளை பேரையும் அதுலயே நெய்து குடுப்பாவ. பாயை நெய்த அம்மாவையே மேடைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னோம். பாய்க்கு உரிய விலையை முதல்லயே அவுக கையில குடுத்துட்டுத்தான் ஏலத்தை ஆரம்பிச்சோம். எலும்பு டாக்டரும் பொது மருத்துவரும் விட்டுக்குடுக்காம ஏத்துதாவ. "ஒருதரம்... ரெண்டுதரம்..."னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கூவுனது யாரு? இந்தா, கால்குலேட்டரோட உக்காந்திருக்காவளே, இதே கணக்குப் பிரிவு அண்ணாச்சி! அன்னைக்கு அவுக முகத்துல இருந்த சந்தோஷம் இன்னைக்குப் பெருக்கல் போடும்போது இருந்துதா?

விழாவுல ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிப் படங்களை மாட்டி வச்ச மேசையைப் பத்தி நீட்டிச் சொல்ல நேரம் இல்ல. 1876ல ஜெர்மன்காரர் ஜாகோர் தோண்டுனதையும், 1899ல இருந்து அலெக்சாண்டர் ரீ அகழ்ந்ததையும் எலும்பு டாக்டர்தான் விளக்குனாரு. தாழிக்குள்ள இருந்த எலும்பைக் காட்டிப் பிள்ளைகளுக்கு முதுகெலும்புப் பாடமும் எடுத்துட்டாரு.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு செய்தி. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னுபோச்சு. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு. அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவுக வர முடியல, இருந்தவுகளே தொடர்ந்து பாத்தோம். நம்மகிட்ட எத்தனை வாட்ஸ்அப் குரூப் இருக்கு? டாக்டருக்கு ஒண்ணு, நர்சுக்கு ஒண்ணு, லேபுக்கு ஒண்ணு. டாக்டர், டிரைவர், ஜெனரேட்டர் பாக்குதவர், கேன்டீன், செக்யூரிட்டி, தூய்மைப் பணியாளர் எல்லாரும் ஒண்ணா இருந்த குரூப் ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குப் பேரு "வில்லுப்பாட்டு டீம்". டவர் கிடைச்ச வரைக்கும் அதுலதான் ஓடுச்சு எல்லாம். டீசல் யார்கிட்ட இருக்கு, எந்தப் பாதையில வண்டி வரும், எந்த வார்டுல கஞ்சி தீந்துபோச்சு, அத்தனையும். எங்க சர்ஜனும் அதுல வந்த ஒவ்வொரு மெசேஜுக்கும் பழக்கதோஷத்துல "ஆமா"ன்னே பதில் போட்டாரு!

கணக்குல ஓட்டை விழும்னு எதிரணி சொன்ன ஒண்ணை மட்டும் நான் சிரிச்சு ஒதுக்க மாட்டேன். ஊர்க்கொடையிலயே கணக்குக் கேட்டுத்தான் பாதிச் சண்டை. ரசீது இல்லாம ஒரு ரூபா வாங்கக்கூடாது. நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு எதிர்பார்த்துக் குடுக்கவுக 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா விலக்கு கிடையாது. அதனால பெரிய தொகை பேங்க் வழியா வரட்டும். அதனால நடுவர் அண்ணாச்சி, எங்க அணிக்குத் தீர்ப்புச் சொல்லும்போது மூணு நிபந்தனையோட சொல்லுங்க. விழா முடிஞ்ச பதினஞ்சு நாளுக்குள்ள வரவு செலவை ஓபி வாசல் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். விழா அன்னைக்கு ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் டூட்டி மாத்தி விடணும், கூலி பிடிக்காம. கணக்கு எழுதுற பொறுப்பை எதிரணி அண்ணாச்சிகிட்டயே குடுத்துரணும். அவுக கால்குலேட்டருக்கும் வேலை வேணும்லா?

மணி அடிச்சாச்சு. நன்றி, வணக்கம்.