வட்டிக்கு உச்சவரம்பு வைத்தால் ஏழைக்கு நல்லதுதானே? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, எதற்கெடுத்தாலும் விலையைச் சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்கிறீர்கள். கந்துவட்டியில் குடும்பம் குடும்பமாக அழிகிறார்கள். வட்டிக்கு அரசாங்கமே ஒரு உச்சவரம்பு வைத்து, அதற்கு மேல் வாங்கினால் ஜெயில் என்றால் ஏழைக்கு நல்லதுதானே? அதையும் வேண்டாம் என்பீர்களா?"

நியாயமான கேள்வி. கடனைக் கேட்டு வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறவனை, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் வட்டிக்கு உச்சவரம்பு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

காரைக்குடியில் பூ விற்கிற ஒரு அக்காவைப் பல வருஷமாகத் தெரியும். அவரிடம் ஒரு தண்டல் அட்டை இருக்கும். அதில் நூறு கட்டம். 10,000 ரூபாய் கடன் என்று பேர், கைக்கு வருவது 8,500. மீதி 1,500-ஐ முன்னாடியே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் வண்டியில் ஒருவர் வந்து நிற்பார். இறங்கக்கூட மாட்டார். அக்கா கூடைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிற நோட்டை எடுத்துக் கொடுப்பார், அவர் கட்டத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடுவார். இதை வருஷ வட்டியாகக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. கேட்டவுடன் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் எரிந்தது.

சரி, அந்த 1,500 ரூபாயை வேறு மாதிரியும் வகுத்துப் பாருங்கள். 100 நடை வருகிறார். நடைக்கு 15 ரூபாய். அதில்தான் பெட்ரோல், அவர் கூலி, முதல் போட்டவருக்கு வட்டி, வாங்கிவிட்டு ஊரைவிட்டுப் போகிறவர்களால் வரும் நஷ்டம் எல்லாம் அடங்க வேண்டும். இப்போது சட்டம் வருஷத்துக்கு 12 சதவீதம்தான் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நாள் கட்டிக்கொண்டே வருவதால் அக்காவிடம் சராசரியாக நிற்கிற பணம் 8,500-இல் பாதி, 4,250. அதற்கு 100 நாள் வட்டி சுமார் 140 ரூபாய். நடைக்கு ஒன்றரை ரூபாய்கூடத் தேறாது. யார் வருவார்கள்? சட்டத்துக்குப் பயந்தவர் தண்டலை விட்டுவிட்டு, நகை வைத்திருக்கிறவருக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிற தொழிலுக்குப் போய்விடுவார். மிஞ்சுவது சட்டத்துக்குப் பயப்படாதவன். அவன் ஜெயிலுக்குப் போகிற ஆபத்தையும் வட்டியில் சேர்த்துத்தான் வாங்குவான். கோர்ட்டுக்குப் போய் வசூல் செய்ய முடியாது என்பதால் ஆள் வைத்து வசூல் செய்வான்.

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதற்கப்புறமும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் மறக்காது. சட்டம் இருந்தது, தம்பி. மிரட்டலைத் தடுக்கப் போலீஸ் வேண்டிய நேரத்தில் வரவில்லை என்பதும், கந்துவட்டியை விட்டால் ஏழைக்குக் கடன் வாங்க வேறு இடம் அதிகம் இல்லை என்பதும்தான் என் மனசில் நிற்கிறது.

இதே கதையை இன்னும் பெரிதாக ஆந்திராவில் பார்த்தோம். 2010 அக்டோபரில், ஏழைகளுக்குச் சின்னச் சின்னக் கடன் கொடுக்கிற மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தி ஓர் அவசரச் சட்டம் வந்தது. வசூலில் அக்கிரமம் நடந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் தவணை கட்டுவது நின்றது, புதுக்கடன் கொடுப்பதும் நின்றது. ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த பெண்களும் வெறும் கையோடு நின்றார்கள். 2011-இல் ரிசர்வ் வங்கி இந்தக் கடன்களுக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2022-இல் அதே ரிசர்வ் வங்கி உச்சவரம்பை எடுத்துவிட்டு, வட்டியையும் மற்ற செலவையும் வாங்குகிறவருக்குப் புரியும்படி ஒரே தாளில் காட்டு என்று சொன்னது. எனக்கு அது சரியான திசையாகப் படுகிறது.

நம் ஊர்ப் பக்கத்தில் வட்டியைப் பற்றிப் பேசினால், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) போய்க் கடன் கொடுத்த பர்மாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த உதவியாளராக) இருந்தவர். கிட்டங்கியில் (பல வட்டிக்கடைகள் ஒன்றாக இருந்த கட்டடம்) வரிசையாகப் பெட்டியடி (கணக்குப் பெட்டியோடு உட்காரும் இடம்), ஒவ்வொரு விலாசத்துக்கும் (கடைப் பெயருக்கும்) ஒரு மேலாள் (முதலாளியின் பொறுப்பாளர்). நடப்பு வட்டி என்று ஒன்று இருந்தது, தெரியுமா? பண நிலவரத்தைப் பார்த்து நகரத்தார் கூடிப் பேசி வைப்பார்கள். பணம் தட்டுப்பாடு என்றால் ஏறும், புழக்கம் அதிகம் என்றால் இறங்கும். கூடிப் பேசி வைத்தால் அது எப்படிச் சந்தை ஆகும் என்று கேட்பீர்கள். நானும் அதை யோசித்திருக்கிறேன். மற்ற வங்கிகள், பர்மாவின் உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் எல்லாரும் பக்கத்திலேயே இருந்ததால், நிலவரத்துக்கு மாறாக ரொம்ப நாள் நிறுத்திவைக்க முடியாது என்பதே நான் கண்ட பதில். நகரத்தார் வாங்கிய வட்டி உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கியதைவிடக் குறைவு என்று 1929-30-இல் விசாரித்த பர்மா வங்கி விசாரணைக் குழுவே பதிவு செய்திருக்கிறது. ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காடு நெல் வயலானது அந்தப் பணத்தில்.

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 1930-இல் உலகப் பொருளாதார மந்தம், நெல் விலை சரிந்தது. குடியானவன் கடன்பட்டது ரூபாயில், அவன் கையில் இருந்தது நெல். வட்டி ஏறாமலே கடன் சுமை இரண்டு மடங்கு மாதிரி ஆகிவிட்டது. கீழ் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். கொடுத்த முதல் திரும்பவில்லை, அதற்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. அந்தக் குடியானவனின் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் ஐயாவுக்கும் அந்த நிலத்தால் தூக்கம் போனதென்று அப்பத்தா சொல்வார். அப்புறம் 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1962-க்குப் பிறகு ராணுவ ஆட்சி, 1963-இல் வங்கிகள் எல்லாம் அரசுடைமை. உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாடு பின்னால் போனதற்குக் காரணங்கள் பல. விவசாயி முறையான கடன் கேட்டுப் போக அரசாங்கத்தைத் தவிர ஆள் இல்லாமல் போனது அதில் ஒன்று.

சந்தையை ஆதரித்த ராஜாஜியே கடனைத் தள்ளவில்லையா என்று கேட்பீர்கள், தெரியும். சென்னை மாகாணப் பிரதமராக (அன்று முதலமைச்சருக்கு அந்தப் பெயர்) 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டி நிலுவையைத் தள்ளியவர் அவரே. 1952-இல் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்ததும், 1959-இல், தொழில் செய்ய எதற்கும் அரசு அனுமதி வாங்க வேண்டியிருந்ததைப் பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ் என்று எதிர்த்துச் சுதந்திராக் கட்சி தொடங்கியதும் அவரே. விலை தரைமட்டமான வருஷங்களில் ஒரு தடவை நிவாரணம் கொடுப்பதை நானும் குறை சொல்ல மாட்டேன். நிரந்தரமாக வட்டிக்கு மூடி போடுவது வேறு.

பின்னே அக்காவுக்கு வட்டி எப்படிக் குறையும்? அவர் வாசலுக்கு இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் கடன் கொடுக்க வந்தால் குறையும். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். 1969-இல் அது உட்பட 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. புதிதாகத் தனியார் வங்கிக்கு அனுமதி கிடைக்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்குக் காரைக்குடியில் நாலு பேர் முதல் போட்டுப் பூக்காரருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் கடன் கொடுக்க ஒரு சின்ன வங்கி திறக்க நினைத்தால், எத்தனை கோடி மூலதனம், எத்தனை அனுமதி! அந்தக் கதவைத் திறக்கச் சொல்லித்தான் நான் கேட்கிறேன்.

அக்காவின் விஷயத்தில் நடந்ததையும் சொல்கிறேன். மகளிர் குழுவில் சேர்ந்தார். அரசும் வங்கியும் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. குழுவில் கடன் கிடைத்த அடுத்த மாசமே தண்டல்காரர் தானாகவே 1,500-ஐ 1,200 ஆக்கினார். அக்கா இன்னும் இரண்டு பக்கமும் வாங்குகிறார், ஏனென்றால் குழுக் கடனுக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தண்டல் அன்று சாயங்காலமே கிடைக்கும். தம்பி, உங்கள் தெருவில் யாரிடமாவது அப்படி ஓர் அட்டை இருந்தால் வாங்கி, கையில் கொடுத்தது எவ்வளவு, எத்தனை நாள், வசூலுக்கு எத்தனை நடை என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் அதை வைத்தே கணக்குப் போடுவோம்.