விரலால் இழுக்காதீர்கள், நடந்து போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சினிமாவில் கேமரா எங்கே நிற்கிறது, அது நம் மனதை என்ன செய்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. வானொலியில் படம் காட்ட முடியாது. ஆனால் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதியை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். மீதியை உங்கள் கையிலிருக்கும் செல்போனிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் கிரிக்கெட். தொலைக்காட்சியில் பந்து வீசுகிறவரின் முதுகு தெரிகிறது, அவருக்கு அந்தப் பக்கம் மட்டையோடு ஒருவர் நிற்கிறார். இரண்டு பேரும் பத்தடி இடைவெளியில் நிற்பது போல இருக்கும். ஆடுகளத்தின் நீளமோ 22 கஜம், இருபது மீட்டருக்கும் சற்று மேல். மைதானத்துக்கு நேரில் போனவர்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரியும். அந்த நீளம் டிவியில் எங்கே போயிற்று?

தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நீளமான லென்ஸுக்கு டெலி லென்ஸ் என்று பெயர். ‘டெலி லென்ஸ் சுருக்கிவிட்டது’ என்று சொல்வார்கள். படப்பிடிப்புத் தளத்திலும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. சுருக்கியது தூரம். கேமரா எல்லைக் கோட்டுக்கும் அப்பால், கூட்டத்துக்கு மேலே இருக்கிறது. அதிலிருந்து பந்து வீசுகிறவர் 80 மீட்டர், மட்டைக்காரர் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தூரத்தில் இருப்பவர், கிட்ட இருப்பவரின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்காகத் தெரிவார். அதே கேமராவை நடுவரின் பின்னால் கொண்டுவந்து, பந்து வீசுகிறவருக்கு ஐந்து மீட்டரில் வைத்தால், மட்டைக்காரர் 25 மீட்டரில் இருப்பார். இப்போது அவர் ஐந்தில் ஒரு பங்குதான். எந்த லென்ஸைப் போட்டாலும் இந்த விகிதம் மாறாது. நிற்கிற இடத்திலிருந்து தெரிவதில் எவ்வளவு பெரிய துண்டை வெட்டியெடுப்பது என்பதை மட்டுமே லென்ஸ் முடிவு செய்கிறது.

இது கணக்கு. இது உணர்ச்சியாக மாறும் இடத்தைப் பார்க்கலாம்.

இந்த உரை முடிந்ததும் வீட்டில் ஒருவரை வாசலில் உட்கார வையுங்கள், பின்னால் தெருவும் மரமும் தெரிகிற மாதிரி. ஒன்றரை அடி தூரத்தில் நின்று, ஜூம் எதுவும் இல்லாமல், முகம் நிறைய ஒரு படம் எடுங்கள். பிறகு முகத்திலிருந்து ஆறடி தூரத்துக்குப் பின்னால் போய், முகம் முன்பு இருந்த அதே அளவுக்கு வரும்வரை ஜூம் செய்து இன்னொன்று எடுங்கள். தூரம் நான்கு மடங்கு என்பதால் ஜூமும் நான்கு மடங்கு ஆகும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முதல் படத்தில் மூக்கு முன்னே வந்திருக்கும், காதுகள் பின்னால் ஒதுங்கியிருக்கும், தெரு எங்கோ தள்ளிப் போயிருக்கும். இரண்டாவதில் முகம் தட்டையாகி, காது முழுசாகத் தெரிந்து, மரம் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

இரண்டுமே க்ளோஸப்தான், முகத்தின் அளவும் ஒன்றுதான். ஆனால் பார்ப்பவர் நிற்கும் இடம் வேறு. ஒன்றரை அடியில் ஒருவர் முகத்தை நாம் எப்போது பார்க்கிறோம்? அம்மாவின் முகம், குழந்தையின் முகம், மனைவி அல்லது கணவரின் முகம், இல்லாவிட்டால் சட்டையைப் பிடித்துச் சண்டைக்கு வந்தவரின் முகம். அந்தத் தூரம் நம் உடம்புக்குத் தெரியும். அதனால்தான் அதிகப் பரப்பைக் காட்டும் அகன்ற லென்ஸோடு கிட்டப் போய் எடுத்த க்ளோஸப்பில் பாசமும் கூடும், பயமும் கூடும். தூரத்திலிருந்து எடுத்த க்ளோஸப்பில் நாம் அந்த ஆளுக்குத் தெரியாமல் அவரைக் கவனிக்கிறோம். பேருந்து நிலையத்தில் தனியாக நிற்கிற பெண்ணைச் சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து எடுத்து, நடுவில் ஆட்கள் குறுக்கே போனால், அவள் தனிமை நமக்கு உறைக்கும். ஆனால் அதைத் துடைக்க நம் கை எட்டாது. இரண்டில் எது வேண்டும் என்பதை ஷாட் வைக்கும் முன்பே இயக்குநர் முடிவு செய்ய வேண்டும். ‘க்ளோஸப் வை’ என்று மட்டும் சொன்னால் பாதி உத்தரவுதான் சொல்லியிருக்கிறார்.

குறும்படம் எடுக்கிற இளைஞர்களிடம் நான் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான். திரையை இரண்டு விரலால் இழுக்காதீர்கள், நடந்து போங்கள்.

ஜூம் செய்யும்போது படத்தில் உள்ள எல்லாம் ஒரே அளவில் பெரிதாகின்றன. முன்னால் இருக்கிற நாற்காலி, நடுவில் இருக்கிற ஆள், பின்னால் இருக்கிற சுவர், மூன்றுக்கும் ஒரே பெருக்கல். நாற்காலிக்குப் பின்னால் மறைந்திருந்தது மறைந்தே இருக்கும். கேமரா நகர்ந்து போகும்போது நாற்காலி வேகமாகப் பெரிதாகி பிரேமை விட்டு விலகும், ஆள் மெல்லப் பெரிதாவார், சுவர் ஏறக்குறைய அப்படியே இருக்கும், மறைந்திருந்த பொருள்கள் வெளியே வரும். நாம் ஒரு அறைக்குள் நடக்கும்போது கண்ணுக்கு நடப்பது இதுவேதான். ஆகவே பார்வையாளர் இருக்கையில் இருந்தபடியே தான் எழுந்து போனதாக உணர்கிறார். ஜூமை நான் வெறுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவரைச் சட்டென்று கண்டுபிடிக்கிற இடத்தில் அதற்கு ஈடு கிடையாது. எழுபதுகளின் படங்களில் அதிர்ச்சி என்றாலே முகத்துக்கு ஜூம் அடித்ததால் அதற்குக் கெட்ட பெயர் வந்தது.

நடந்து போவதிலும் தவறு நடக்கும். தண்டவாளம் போட்டு டிராலியில், அதாவது கேமராவைச் சுமக்கும் சக்கர வண்டியில், போவதானால், தண்டவாளம் மட்டமாக இருக்க வேண்டும். இணைப்பில் சின்ன மேடு இருந்தாலும் படம் துள்ளும், அடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்ய வேண்டும். வேகம் இன்னொன்று. அழுத்தமான வசனக் காட்சியில் மூன்றடி போவதற்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். கேமரா நகர்கிறது என்பதைப் பார்ப்பவர் கவனித்துவிட்டால் அங்கே காரியம் கெட்டது. நடிகர் பேசத் தொடங்கும் முன்பு டிராலி கிளம்பக் கூடாது, பேச்சின் நடுவே கிளம்ப வேண்டும், அவர் உடைந்து அழும் முன்பே நின்றிருக்க வேண்டும். செல்போனில் எடுப்பவர்கள் ஒளி அளவைப் பூட்டிவைக்கலாம், ஃபோகஸைப் பூட்டக் கூடாது. பூட்டிவிட்டு நடந்தால் கிட்டப் போகப் போக முகம் மங்கிவிடும். சில போன்களில் நீளமாக அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, குதிகாலை முதலில் ஊன்றி நடந்தால் ஆட்டம் குறையும்.

சரி, நடப்பதையும் ஜூமையும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கு ஒன்று எதிராகச் செய்தால்? இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஒருமுறை லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடந்த ஒரு நடன விருந்தில் அதிகம் குடித்துவிட்டார். அப்போது எதிரில் இருப்பதெல்லாம் தன்னைவிட்டு விலகி விலகிப் போவதாக அவருக்குத் தோன்றியது. அந்த உணர்வை 1940-இல் வெளியான ‘ரெபெக்கா’ படத்தில், கதாநாயகி விசாரணையின்போது மயங்கி விழுகிற இடத்தில் கொண்டுவர முயன்றார். முடியவில்லை. பதினைந்து வருஷம் இதை யோசித்துக்கொண்டே இருந்ததாகப் பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் பேசியபோது சொன்னார். 1958-இல் ‘வெர்டிகோ’ வந்தது. உயரம் என்றால் தலை சுற்றுகிற ஒரு துப்பறிவாளர் கோபுரத்தின் மாடிப்படியில் ஏறுகிறார், கீழே பார்க்கிறார், படிக்கட்டுக் கிணறு இழுத்த மாதிரி ஆழமாகிக்கொண்டே போகிறது. டிராலியையும் ஜூமையும் சேர்த்தால் இதைச் செய்யலாம் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. பாரமவுண்ட் ஸ்டுடியோவின் இரண்டாம் யூனிட் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸ் கண்டுபிடித்த வழி அது. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அதனாலேயே இங்கே சொல்கிறேன்.

ஆனால் செலவு? ஐம்பதாயிரம் டாலர் ஆகும் என்றார்கள். படிக்கட்டின் உச்சியில் கேமராவைத் தூக்கிப் பிடிக்க, எதிரெடை கட்டி அந்தரத்தில் நகர்த்த, பெரிய சாதனம் வேண்டும் என்றார்கள். ஹிட்ச்காக் கேட்டார்: இந்தக் காட்சியில் ஆளே இல்லையே, வெறும் பார்வைதானே, படிக்கட்டைச் சின்ன மாதிரியாகச் செய்து தரையில் படுக்கப் போட்டால் என்ன? அப்படியே செய்தார்கள். மாதிரிப் படிக்கட்டு பக்கவாட்டில் படுத்திருக்க, கேமரா தரையில் சமமாக ஓடியது. செலவு பத்தொன்பதாயிரம் டாலர். படம் பார்க்கிறவருக்கு மேல் எது, கீழ் எது என்பதைக்கூட கேமரா நிற்கும் இடமே தீர்மானிக்கிறது.

இப்போது இதை யாரும் செய்யலாம். சிலநொடிக் கணக்கு மட்டும் போடுங்கள். லென்ஸின் மில்லிமீட்டர் எண் சிறியதானால் அகன்ற காட்சி, பெரியதானால் ஜூம் செய்த காட்சி. முகத்திலிருந்து மூன்றடியில் 25 மில்லிமீட்டர் லென்ஸ் அளவில் தொடங்கி, பன்னிரண்டு அடி வரை பின்னால் போனால், ஜூம் 100 மில்லிமீட்டரில் முடிய வேண்டும். முகம் அதே அளவில் நிற்கும். பின்னால் பன்னிரண்டு அடியில் ஒரு கதவு இருந்தால், அது இரண்டரை மடங்கு பெரிதாகி அவர் மீது வந்து கவியும். இதையே தலைகீழாக, முன்னால் போய்க்கொண்டே ஜூமை அகலமாக்கினால் கதவு விலகி ஓடும். 1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ் அதிகாரி சுறா தாக்குவதைப் பார்க்கிறாரே, அந்த ஷாட் இப்படி எடுத்தது.

பலருக்கு இது சொதப்புவது ஒரே காரணத்தால். டிராலியும் ஜூமும் சமவேகத்தில் ஓடினால் போதும் என்று நினைக்கிறார்கள். மூன்றடியிலிருந்து ஆறடிக்குப் போகும் அந்த மூன்றடிக்குள் 25 ஐம்பதாகிவிட வேண்டும். ஐம்பது நூறாவதற்கு இன்னும் ஆறடி இருக்கிறது. அதாவது முகத்துக்குக் கிட்டே ஜூம் வேகமாகத் திரும்ப வேண்டும், தள்ளிப் போகப் போக மெதுவாக. இல்லாவிட்டால் நடுவில் முகம் சுருங்கி மறுபடி பெருக்கும், பார்ப்பவர் ‘ஏதோ தந்திரம்’ என்று விழித்துக்கொள்வார். தரையில் அடிக்கு ஒரு அடையாளம் ஒட்டி, ஜூம் வளையத்திலும் அதற்கேற்ற கோடு போட்டு, ஒத்திகை பார்க்க வேண்டும். மானிட்டரில் தலை உச்சிக்கும் தாடைக்கும் இரண்டு கோடு ஒட்டிக்கொள்ளலாம். பின்னணியில் தூண் வரிசை, நீளமான தாழ்வாரம் என்று ஏதாவது இருக்க வேண்டும். வெறும் வானத்தை வைத்து எடுத்தால் எதுவும் நடக்காது. கதைக்குத் தேவை இருந்தால் ஒரு படத்தில் ஒருமுறை போதும்.

அடுத்தது, பார்ப்பவருக்குத் தெரியாமலே நடக்கிற வேலை. என்னைக் கேட்டால் இதுதான் உயர்ந்தது.

‘12 ஆங்ரி மென்’, 1957-ஆம் ஆண்டுப் படம். இயக்கம் சிட்னி லூமெட், ஒளிப்பதிவு போரிஸ் காஃப்மன். கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வாதிடுகிறார்கள், ஏறக்குறைய படம் முழுவதும் அவ்வளவுதான். பாடல் கிடையாது, சண்டை கிடையாது. ஒரே அறையில் ஒன்றரை மணி நேரம் எப்படி உட்கார வைப்பது? அறையைப் பெரிதாகக் காட்டப் பார்க்காமல், போகப் போக இன்னும் சின்னதாக்குவது என்று லூமெட் முடிவு செய்தார். ஆரம்பத்தில் 28 முதல் 40 மில்லிமீட்டர் வரையான சாதாரண லென்ஸ்கள். பிறகு 50, 75, 100 என்று நீளமான லென்ஸ்கள். நீளமான லென்ஸைப் போட்டுத் தள்ளி நின்று எடுத்தால், சற்று முன் சொன்னது போல, பின்சுவர் ஆளின் முதுகுக்கு வந்து ஒட்டும். சுவரை யாரும் தொடவில்லை, ஆனாலும் நெருங்கி வந்தது.

கேமராவின் உயரத்தையும் மாற்றினார். படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே. அடுத்த பங்கில் கண் மட்டத்தில். கடைசிப் பங்கில் கண் மட்டத்துக்குக் கீழே. கேமரா கீழே இறங்கி மேல்நோக்கிப் பார்க்கும்போது கூரை பிரேமுக்குள் வந்துவிடுகிறது. முதலில் சுவர் நெருங்கியது, பிறகு கூரையும் தலைக்கு மேல் இறங்கியது. பார்ப்பவருக்குப் புழுக்கமாக இருக்கும், வழக்கின் சூடு என்றே நினைப்பார். கடைசியில் எல்லோரும் வெளியே வரும்போது, படம் முழுவதிலும் பயன்படுத்தாத அளவுக்கு அகன்ற லென்ஸ், எல்லாவற்றிலும் உயரமான கேமரா. மூச்சு விடுவதற்காக அப்படி வைத்ததாக லூமெட்டே எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் லோ ஆங்கிள் என்றால் கதாநாயகனின் வருகை என்று ஒரே அர்த்தமாகிவிட்டது. அதே லோ ஆங்கிள் இங்கே ஆட்களை அடைத்து வைக்கிறது. கீழிருந்து பார்த்தால் பெருமை, மேலிருந்து பார்த்தால் சிறுமை என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். கூரை தெரிகிறதா, வானம் தெரிகிறதா என்று பாருங்கள். வானத்தின் முன் நிற்பவர் உயர்வார், கூரைக்கு அடியில் நிற்பவர் நசுங்குவார்.

இன்னும் மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. கையில் தூக்கிய கேமரா, வண்ணம் இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஒளியைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

1956-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’. காசியில் ஒரு வீட்டு முற்றம். அதைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டார்கள். நிஜ முற்றத்தில் வானத்திலிருந்து இறங்குகிற ஒளிக்குக் கூர்மையான நிழல் இருக்காது. ஸ்டுடியோ விளக்கை நேரே அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழுந்து, நாடக மேடையாகிவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியின் மீது அடித்தார். அதில் பட்டு இறங்கிய ஒளிதான் முகங்களில் விழுந்தது. மித்ராவுக்கு வயது அப்போது இருபதுகளில். இன்று நம் தளங்களில் வெள்ளை தெர்மாகோல் பலகையில் ஒளியை அடித்துத் திருப்புகிறார்களே, அதே வேலைதான்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: முகத்துக்கு நேரே டார்ச் அடிக்காதீர்கள். பக்கத்து வெள்ளைச் சுவரில் அடித்து, ஆளைச் சுவருக்கு மூன்றடியில் உட்கார வையுங்கள். சுவர் பச்சையோ நீலமோ என்றால் முகத்திலும் அந்த நிறம் ஏறும், அப்போது சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை மடிப்பில்லாமல் கட்டிவிட்டு எடுங்கள். நேரமாகிவிட்டது. வணக்கம்.