மாற்றிய சைலன்சரின் சத்தத்தைக் குறைக்க

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று சொன்னதுமே புரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக ஏற்காட்டுக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் அந்த வழியாகத்தான் அடிவாரத்துக்குப் போகின்றன. கூட்டமாகப் போகிற வண்டிகளில் ஒன்றிரண்டாவது சைலன்சர் மாற்றிய வண்டியாக இருக்கும். ஜன்னல் அதிரும். அப்போதுதான் தூங்க வைத்த குழந்தை எழுந்து அழும்.

அந்த வண்டிகளை ஓட்டுகிற பிள்ளைகளைத் திட்டுவதற்காக நான் வரவில்லை. மோட்டார் மெக்கானிக் தொழிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே என் வாழ்க்கையாக இருந்திருக்கிறது. சைலன்சர் மாற்றுகிறவன் பெரும்பாலும் வண்டியை உயிராக நினைக்கிறவன். காசு போட்டு மாற்றியாகிவிட்டது. பிறகு வீட்டில் அப்பா பேசுகிறார், பக்கத்து வீட்டில் முகம் திருப்புகிறார்கள், ஐந்து ரோட்டில் போலீஸ் கை காட்டுகிறார்கள். அப்புறம் வந்து, "சார், இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேட்கிறான். முடியும். இழுவை, அதாவது வண்டி இழுக்கிற பலம், குறையாமலே முடியும்.

சத்தம் வேறு, இழுவை வேறு. இதை இந்தப் பேச்சில் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காது கேட்பதை வைத்து வண்டி வேகமாகப் போவதாக மனசு நம்பிவிடுகிறது. ஏற்காடு ரோட்டில் அதே வளைவை அதே கியரில் அதே வண்டி ஏறத்தான் செய்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு சிலிண்டர் உள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டி நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பாக, வினாடிக்கு 25 தடவை வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் வால்வு திறந்ததும், அழுத்தத்தில் அடைபட்டிருந்த சூடான புகை குழாய்க்குள் பாய்கிறது. அந்த அடியைத் தணிக்க சைலன்சருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, உள்ளே அறை அறையாகத் தடுத்து, அலையைத் திருப்பியடித்து, ஒன்றை ஒன்று அடங்கச் செய்வது. கம்பெனியில் வருகிற சைலன்சர் பெரும்பாலும் இப்படித்தான். இன்னொன்று, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, சத்தத்தை அது உறிஞ்சும்படி விடுவது. சாமான் இல்லாத புது வீட்டில் பேசினால் எதிரொலிக்கும். கட்டிலும் மெத்தையும் வந்த பிறகு அடங்கிவிடும் அல்லவா, அதே வேலைதான் பஞ்சும் செய்கிறது. கடையில் வாங்கி மாட்டுகிற 'ஃப்ரீ ஃப்ளோ' சைலன்சர்களில் இருப்பது இந்தப் பஞ்சு மட்டும்தான். சிலவற்றில் அதுகூட இருப்பதில்லை, வெறும் குழாய்.

இங்கே யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியாது. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. இன்றைக்கும் சேலத்தில் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அது இரண்டு ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. அதன் சைலன்சரின் வால் பக்கம் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இருக்கிற, சத்தத்தைத் தணிக்கிற பேஃபிள் குழாய் கையோடு வந்துவிடும். கரி சுத்தம் செய்வதற்காகக் கொடுத்த வசதி அது. அந்தக் குழாயை உருவிப் போட்டுவிட்டு, 'வண்டி பறக்குது' என்று சொல்லிக்கொண்டு ஓட்டுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே மனசு பொறுக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சரும் இன்ஜினின் ஒரு பாகம்தான். வெளியே பாய்கிற அலை, குழாய் விரிகிற இடத்தில் ஓர் இழுப்பைத் திருப்பி அனுப்புகிறது. அது பழைய புகையை உறிஞ்சி வெளியே எடுக்கிறது. குழாய் சுருங்குகிற இடத்தில் ஒரு தள்ளலைத் திருப்பி அனுப்புகிறது. அது தப்பி வெளியே போகப் பார்க்கிற புதுப் பெட்ரோல் கலவையைப் பிஸ்டன் மூடுவதற்குள் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. இதைக் கணக்குப் போட்டுச் செம்மையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். மோட்டார் சைக்கிள் கம்பெனியில் இருந்த வால்டர் காடென். 1950-களில், கையில் பெரிய வசதி எதுவும் இல்லாமல் செய்தார். 1961 வந்தபோது 125 சிசி பந்தய வண்டியில் 25 குதிரைத் திறன் எடுத்திருந்தார். அதாவது ஒரு லிட்டர் இன்ஜின் கொள்ளளவுக்கு 200. அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத கணக்கு.

அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961-ல் உலகப் பட்டம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அந்த ஆகஸ்டில்தான் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் சுவீடன் பந்தயம். பந்தயத்தில் இன்ஜின் கைவிட்டது. அன்றைக்கு டெக்னர் தன் அணியோடு ஊர் திரும்பவில்லை. மேற்கே போய்விட்டார். அவர் மனைவி, பிள்ளைகளை ஒரு காரின் டிக்கியில் ஒளித்து எல்லை கடத்தினார்கள். அவர் போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. அடுத்த வருடமே, 1962-ல், சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது, டெக்னர் ஓட்டி. ஜப்பானில் சுசுகா பந்தயத் தடத்தில் இன்றும் ஒரு வளைவுக்கு அவர் பெயர்தான். நம் மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒன்றுக்கும் பந்தயக்காரர் பெயர் வேண்டாம், நல்லபடியாக ஏறி இறங்கினால் போதும்.

ஒரு மனிதர் குடும்பத்தையே பணயம் வைத்துக் கொண்டுபோன அறிவில், குழாயின் அளவுகளும் ஒரு பங்கு. அவ்வளவு யோசித்து அளவெடுத்த வால் குழாயை ஸ்க்ரூ டிரைவரால் உருவிப் போடலாமா? உருவினால் சத்தம் ஏறும், இழுவை ஏறாது. ஆர்.எக்ஸ். வைத்திருக்கிற தம்பிகளே, பேஃபிளைத் தேடிக் கண்டுபிடியுங்கள், கரியைச் சுரண்டுங்கள், திரும்ப மாட்டுங்கள். உங்கள் வண்டிக்கு வேறு வைத்தியம் வேண்டாம்.

இப்போது மற்ற வண்டிகளுக்கு வருகிறேன். முதலில் பார்க்க வேண்டியது கசிவு. பெண்ட் பைப், அதாவது இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகிற வளைந்த குழாய், சிலிண்டர் ஹெட்டில் சேருகிற இடத்தில் ஒரு வளையப் பேக்கிங் இருக்கிறது. சைலன்சரை மாற்றும்போது பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். அது உட்காராது. இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். வண்டி ஆறியிருக்கும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். ஏற்காட்டிலிருந்து கியரில் இறங்கும்போது படபடவென்று வெடிக்கிறதே, அதைப் பெருமையாக நினைக்கிறார்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ளே வெடிக்கிறது. அவ்வளவுதான். புதுப் பேக்கிங் போட்டாலே பாதிச் சத்தம் அடங்கிவிடுகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், புதுச் சைலன்சருக்குப் பெட்ரோல் பற்றாமல் போயிருக்கலாம். பெட்ரோல், காற்று அளவை வைக்கிற ஜெட்டையும் ஏர் ஸ்க்ரூவையும் மெக்கானிக்கிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பஞ்சு. கண்ணாடிப் பஞ்சு நிரந்தரம் இல்லை. சூட்டில் நொறுங்கி, புகையோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும். வாங்கியபோது இருந்ததைவிட இப்போது சத்தம் அதிகம் என்றால் காரணம் இதுதான். ரிவெட்டைத் துளைத்துக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு, சைலன்சருக்கென்று விற்கிற நீள இழைப் பஞ்சைத் துளைக் குழாயின் மேல் சீராகச் சுற்ற வேண்டும். இறுக்கித் திணித்தாலும் உறிஞ்சாது, தொளதொளவென்று இருந்தாலும் பறந்துபோகும். அம்மாக்கள் கவனியுங்கள்: பிள்ளை இந்த வேலையை வீட்டுக்குள் செய்ய வேண்டாம். வெளியே, முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டையோடு செய்யட்டும். அந்த இழை தோலை அரிக்கும், மூச்சில் போகும்.

பஞ்சு அடக்குவது கூர்மையான, காதைக் குத்துகிற சத்தத்தை. 'டுப் டுப்' என்று நெஞ்சில் இடிக்கிற கனத்த சத்தம் அதற்கு அடங்காது, அலை அவ்வளவு நீளம். அதற்கு 'டிபி கில்லர்' என்று சொல்கிற சிறு குழாயைச் சைலன்சரின் வாயில் செருகிப் போல்ட் போட வேண்டும். உங்கள் சைலன்சர் அளவுக்குச் செய்ததாக இருக்கட்டும். ரொம்பச் சின்ன ஓட்டை வைத்தால் ஏற்றத்தில் இன்ஜின் சூடேறும். கழற்றும்படி இருக்கட்டும், வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

இரவில் ஏன் அவ்வளவு தூரம் கேட்கிறது என்றும் கேட்பார்கள். பகலில் தரை சூடாக இருப்பதால் சத்தம் மேல்நோக்கி வளைந்து போகிறது. இரவிலும் விடியற்காலையிலும் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று நிற்கிறது. சத்தம் திரும்பக் கீழே வளைகிறது. மலைச் சரிவில் ஓடுகிற ஒரு வண்டி பள்ளத்துக் காப்பித் தோட்டத்து வீடுகளை எல்லாம் எழுப்பிவிடுவது அதனால்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 80 சிசிக்கு மேல் 175 வரை உள்ள புது வண்டிக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல், இதுதான் தயாரிப்பு வரம்பு. மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை போன்ற மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்றும் விதி இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட்டும் சென்சாரும் அந்தக் குழாயோடு சேர்ந்தவை. அவற்றில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

கழற்றிய கம்பெனி சைலன்சர் பரண்மேல் கிடந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். உள்பக்கம் துரு இல்லையென்றால், ஒரு புதுப் பேக்கிங் வாங்கி அதையே மாட்டுங்கள். நன்றி, வணக்கம்.